இடுப்பில் ஒரு சிறிய பிஸ்டல்: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பச்சை அட்டையோ குடியுரிமையோ கிடைத்தபின் முதல் கைத்துப்பாக்கி வாங்க யோசிக்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டோம். மாதிரிக்கு க்ளாக் 19, ஐந்தாம் தலைமுறையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கழற்றும் முறைக்கு அதனுடன் வந்த கையேட்டைப் பாருங்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, தீர்ப்புகளால் அடிக்கடி மாறவும் செய்கிறது. அதனால் வாங்கும் வாரத்திலேயே உங்கள் மாநில விதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான் எச்1பி. டெக்சாஸ்ல லைசென்ஸே வேண்டாம்னு சொல்றாங்களே, நானும் வாங்கலாமா?

பொதுவாக முடியாது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதி உள்ள, 21 வயது நிரம்பியவர் அனுமதிச் சீட்டு இல்லாமலே பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். 'தகுதி உள்ள' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு தடுக்கிறது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 எல்லாம் இதில் அடங்கும். பலருக்கும் பொருந்தக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கடையில் நிரப்பும் 4473 படிவம் இதை நேரடியாகவே கேட்கும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

பச்சை அட்டைக்காரருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால், அதுவே அவரை நாடு கடத்தப் போதுமான காரணம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடியக்கூடிய தவறு, பச்சை அட்டைக்காரரின் குடும்ப வாழ்க்கையையே புரட்டிப் போடலாம். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

சும்மா ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய் சுடறதுக்குமா தடை?

ஆமாம். சட்டம் சொந்தமா, வாடகையா என்று பார்ப்பதில்லை. உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு எடுத்தாலும், நண்பரின் பிஸ்டலைக் கையில் வாங்கிச் சுட்டாலும் அது வைத்திருத்தல்தான். தடை இருப்பது தெரிந்தே கொடுத்த நண்பரும் மாட்டுவார். மேலே சொன்ன வேட்டை உரிமம் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

முதல்ல எது வாங்கறது? எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதுதானே?

மறைப்பதற்கு நல்லது, சுடுவதற்குக் கெட்டது. சிக் பி365 போன்ற குட்டி பிஸ்டலின் குழல் 79 மி.மீ., எடை சுமார் அரை கிலோ. க்ளாக் 19-இன் குழல் 102 மி.மீ., மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இல்லாமல் சுமார் 600 கிராம், அதில் 15 ரவுண்டு (தோட்டா) நிரப்பிச் செருகினால் சுமார் 850 கிராம். இரண்டும் சுடுவது ஒரே 9 மி.மீ. தோட்டாவைத்தான். எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். சுண்டுவிரலுக்குப் பிடி கிடைக்காது. இரண்டாவது குண்டு எங்கேயோ போகும்.

முதல் பிஸ்டலுக்கு க்ளாக் 19 அளவே சரி என்பது எங்கள் கருத்து. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து இரண்டிலும் 50 ரவுண்டு சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மேகசின் வரம்பு 10 ரவுண்டு.

ஹோல்ஸ்டர் எதுவா இருந்தா என்ன, துணியில வர்றது விலை கம்மியா இருக்கே?

வேண்டாம். க்ளாக்கில் கட்டைவிரலால் நகர்த்தும் பூட்டு கிடையாது. டிரிகரின் நடுவில் உள்ள சிறு நாக்கு, சுடும் ஊசித் தடுப்பு, கீழே விழுந்தால் காக்கும் தடுப்பு என்று உள்ளே மூன்று காப்புகள் இருக்கின்றன. டிரிகரை இழுத்தால் மூன்றும் விலகிவிடும். இழுக்கத் தேவையான விசை இரண்டரை கிலோ அளவுதான். அதனால் டிரிகர் கூண்டை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பு உறைதான் உண்மையான நான்காவது காப்பு. கைடெக்ஸ் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது வாங்குங்கள். பிஸ்டலை உருவியபின்பும் அதன் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். கூடவே ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான பெல்ட். சாதாரண பெல்ட்டில் பிடி வெளியே சாய்ந்து சட்டையைத் தூக்கிக் காட்டும்.

விபத்து பெரும்பாலும் உருவும்போது நடப்பதில்லை, திரும்பச் செருகும்போதுதான் நடக்கிறது. சட்டை நுனியோ, குளிர்கோட்டின் இழுகயிறோ டிரிகர் கூண்டுக்குள் புகுந்துகொள்ளும். பிஸ்டலை அழுத்த அழுத்தத் துணி டிரிகரை இழுத்துவிடும். செருகுவதற்கு அவசரமே கிடையாது. இடக்கையால் சட்டையை நன்றாக மேலே தூக்குங்கள், ஹோல்ஸ்டரைக் கண்ணால் பாருங்கள், விரலை நேராக ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மேல் வையுங்கள், அப்புறம் மெதுவாக உள்ளே விடுங்கள். ஏதாவது தட்டினால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

சுடிதார் போட்டா எங்க வைக்கிறது? ஹேண்ட்பேக்ல வெச்சுக்கலாமா?

கைப்பையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பையைப் பறித்தால் பிஸ்டலும் போகும். உணவகத்தில் நாற்காலியில் மாட்டிய பையில் பக்கத்துக் குழந்தை கைவிடும். சாவி, பேனா எல்லாம் டிரிகருக்குள் சிக்கும். சுடிதார், குர்த்திக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை பொருத்தம். ஆனால் டிரிகர் பக்கத்தில் கெட்டியான கைடெக்ஸ் உறை தைத்த பட்டையாக இருக்க வேண்டும். புடவையில் பாதுகாப்பாகவும் சீக்கிரமும் எடுக்க நல்ல வழி இல்லை. அன்றைக்கு வீட்டு லாக்கரிலேயே வைத்துவிடுங்கள்.

சேம்பர்ல ரவுண்டு போட்டே வெச்சிருக்கணுமா? பயமா இருக்கு.

சேம்பர் என்பது குழலின் பின்முனையில் சுடத் தயாராக ரவுண்டு உட்காரும் அறை. பயம் இருக்கும்வரை போட வேண்டாம். ஆபத்து நேரத்தில் இரண்டு கையும் கிடைக்கும், ஸ்லைடை இழுக்க ஒரு நொடி கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால்தான் பயிற்சி பெற்றவர்கள் ரவுண்டு போட்டு வைத்துக்கொள்கிறார்கள். சில வாரம் காலி சேம்பரோடு வீட்டுக்குள்ளேயே கட்டிப் பழகுங்கள். மாலையில் ஸ்லைடைத் தொடும் முன், காலையில் முன்னால் நின்ற டிரிகர் இடையில் இழுபட்டுப் பின்னால் போயிருக்கிறதா பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தும் இழுபடாதிருந்தால் ஹோல்ஸ்டர் மீது நம்பிக்கை வரும்.

க்ளீன் பண்ணக் கழட்டும்போது டிரிகரை இழுக்கணுமாமே! அது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். க்ளாக்கில் டிரிகரை இழுத்தால்தான் ஸ்லைடு கழலும். வீட்டில் தவறிச் சுடும் சம்பவங்களில் இந்தக் கட்டம் பெயர்போனது. காரணம் வரிசைத் தப்பு. மேகசினை எடுக்காமலே ஸ்லைடை இழுப்பார்கள், ஒரு ரவுண்டு வெளியே குதிக்கும், 'காலியாகிவிட்டது' என்று நினைப்பார்கள். ஸ்லைடு மூடும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டு சேம்பருக்குள் ஏறியிருக்கும்.

சரியான வரிசை இது. தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். முதலில் மேகசினை எடுங்கள். பிறகு ஸ்லைடை மூன்று முறை இழுத்து, பின்னால் பூட்டுங்கள். வெளிச்சத்தில் சேம்பரைப் பாருங்கள், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். மேகசின் குழியையும் பாருங்கள். கண்ணை ஒருமுறை வேறு பக்கம் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் ஸ்லைடை விட்டு, குண்டு பாய்ந்தாலும் ஆளுக்குச் சேதம் வராத திசையில் நீட்டி டிரிகரை இழுங்கள்.

இப்போது நான்கு விரல் ஸ்லைடு மேலும் கட்டைவிரல் பிடியின் பின்னாலும் இருக்கும்படி பிடித்து, ஸ்லைடைச் சுமார் 3 மி.மீ. மட்டும் பின்னுக்கு இழுங்கள். இருபக்கமும் உள்ள சின்னப் பூட்டுத் தகட்டைக் கீழே அழுத்தி ஸ்லைடை முன்னால் தள்ளினால் கழன்றுவிடும். அதிகம் இழுத்தால் டிரிகர் மறுபடி முன்னால் வந்துவிடும், கழலாது. ஸ்லைடு, குழல், ரீகாயில் ஸ்ப்ரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது), பிடிச்சட்டம் என நான்கு பாகம் மேசையில் இருக்கும். அதற்கு மேல் பிரிக்க வேண்டியதில்லை.

எண்ணெய் எவ்வளவு விடணும்? வீட்டுல இருக்கற எண்ணெய் போதுமா?

மொத்தம் ஐந்தாறு சொட்டு. அவ்வளவுதான். முதலில் குழலைச் சேம்பர் பக்கமிருந்து பிரஷ் விட்டுத் தேய்த்து, துணித்துண்டு வெளுப்பாக வரும்வரை துடையுங்கள். பழைய டூத்பிரஷ்ஷால், காலிக் குப்பியை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் இருக்கும் கரியைச் சுரண்டுங்கள். அதைச் செய்யும்போது தோட்டாவின் பின்பக்கம் வந்து உட்காரும் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் கரைப்பான் ஊசித் துளைக்குள் இறங்கும்.

எண்ணெய் விடும் இடங்கள்: குழலின் வெளிப்பக்கம், ஸ்லைடின் உள்கூரையில் குழல் உரசிப் பளபளக்கும் இடம், ஸ்லைடின் இரண்டு தண்டவாளப் பள்ளங்கள், பிடிச்சட்டத்தின் வலது பின் மூலையில் டிரிகர் பட்டையும் கனெக்டரும் தொடும் புள்ளி. கடைசியில் சொன்ன ஒரு சொட்டைத்தான் பலர் மறக்கிறார்கள். அது காய்ந்தால் டிரிகர் கரகரவென்று இழுபடும். ஊசித் துளை, மேகசினின் உட்புறம், தோட்டா இந்த மூன்றிலும் எண்ணெய் படக்கூடாது. துளைக்குள் எண்ணெயும் கரியும் சேர்ந்து குழம்பானால் ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மற்ற சமையல் எண்ணெய்கள் நாளானால் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய் ஒரு சிறு குப்பி வாங்கினால் வருடக்கணக்கில் வரும். புது க்ளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அதை அழுக்கு என்று துடைக்காதீர்கள், கம்பெனி வேண்டுமென்றே வைத்த மசகு அது.

நான் சுடவே இல்ல, இடுப்புலயேதான் இருக்கு. அப்பவும் க்ளீன் பண்ணணுமா?

கட்டாயம், மாதம் ஒருமுறை. சுடும் பிஸ்டலில் சேர்வது கரி. கட்டும் பிஸ்டலில் சேர்வது வியர்வையும் பஞ்சும். ஹூஸ்டன் கோடையில் உப்பு வியர்வை உடம்பைத் தொடும் பக்கத்திலேயே இறங்கும். ஸ்லைடின் மேற்பூச்சு தாங்கும். பின்குறி (குறிபார்க்க ஸ்லைடின் பின்முனையில் இருப்பது), மேகசின் உதடு, சிறு ஆணிகளில் காப்பித்தூள் போலத் துருப்புள்ளி வரும். இரவில் கழற்றி வைக்கும்போது லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளியே ஒரு துடை துடையுங்கள்.

பருத்தி பனியன் போடுபவர்கள் பின்குறியின் பள்ளத்தையும் ஸ்லைடின் பின்முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு நூல் எண்ணெயில் ஒட்டித் திரி போல நிற்கும். குழல் வாய்க்குள்ளும் பஞ்சு இருக்கும்.

ரேஞ்சுக்கு ஒரு தோட்டா, இடுப்புக்கு வேற தோட்டாவா? அந்த குழி வெச்சது கொடூரமா தெரியுதே.

பயிற்சிக்கு முழுச் செம்பு உறை போட்ட, 115 கிரெயின் எடையுள்ள குண்டு போதும், விலையும் குறைவு. அது ஆளைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடும். முனையில் குழி உள்ள தோட்டா உடம்புக்குள் விரிந்து வேகம் இழக்கும். வழிப்போக்கரைக் காக்கும் என்பதும் ஒரு காரணமாகப் போலீசும் இதைப் பயன்படுத்துகிறது. எஃப்பிஐ தன் சோதனையில், உடம்புத் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நியூ ஜெர்சியில் இவ்வகைத் தோட்டாவை வெளியே எடுத்துச் செல்லக் கடும் கட்டுப்பாடு உண்டு. எந்தத் தோட்டாவானாலும் உங்கள் பிஸ்டலில் குறைந்தது 100 ரவுண்டு சிக்காமல் ஓடியபின்தான் இடுப்புக்கு எடுங்கள்.

தினமும் ராத்திரி ரவுண்டை வெளிய எடுத்துட்டு, காலைல அதையே மறுபடி சேம்பர்ல போடறேன். தப்பா?

தப்புதான். ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சாய்தளத்தில் மோதி, சிறுகச் சிறுகப் பித்தளைக் குப்பிக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். 9 மி.மீ. தோட்டாவுக்கு வகுத்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதைத் தாண்டினால் பிஸ்டலே பிளக்கலாம்.

எடுத்த ரவுண்டைப் புதியது ஒன்றின் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் தூக்கி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை ஏறிய ரவுண்டைப் பயிற்சிக்குத் தள்ளுங்கள், குட்டையானதைச் சுடவே வேண்டாம். அதைக் குப்பையில் போடாமல், ரேஞ்சில் வெடிக்காத தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் வாளியில் சேருங்கள். இதைவிட எளிய வழி, ஹோல்ஸ்டரோடு அப்படியே கழற்றி லாக்கரில் வைப்பது. ரவுண்டையும் எடுக்க வேண்டாம், டிரிகரும் வெளியே தெரியாது.

மேகசின் நிரம்பியே இருந்தா ஸ்ப்ரிங் போயிடுமா? எந்த பாகத்தை எப்ப மாத்தணும்?

நல்ல ஸ்ப்ரிங் அமுங்கி இருப்பதால் தளர்வதில்லை, அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்துதான் தளரும். கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடு பூட்டாமல் போனால், அல்லது கடைசி இரண்டு ரவுண்டு தலைசாய்ந்து ஏறினால் மேகசின் ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள். எண் போட்டு வைத்தால் எந்த மேகசின் தகராறு செய்கிறது என்று தெரியும்.

ரீகாயில் ஸ்ப்ரிங்கைச் சுமார் 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சோதிக்க வேண்டுமா? முன்பு சொன்ன வரிசையில் காலி செய்து, குழல்வாயைப் பாதுகாப்பான இடத்தில் மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெல்ல விடுங்கள். முழுக்க மூடாமல் நின்றால் ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது. இரவில் ஒளிரும் ட்ரிடியம் குறிகளின் ஒளி 12 ஆண்டில் பாதியாகும். சிவப்புப் புள்ளிக் கண்ணாடி இருந்தால் பேட்டரியை வருடம் ஒருமுறை, மறக்காத ஒரு நாளில், பொங்கலன்று என்று வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

சுடும்போது அடிக்கடி சிக்கிக்குது. பிஸ்டல் கோளாறா?

புதியவர் கையில் பெரும்பாலும் பிடிதான் கோளாறு. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிஸ்டல் முழுவதுமே பின்னால் போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல், காலிக் குப்பி புகைபோக்கி போல நட்டமாக மாட்டி நிற்கும். அதே பிஸ்டலை வேறொருவர் 20 ரவுண்டு சுட்டும் சிக்கவில்லை என்றால் விடை தெரிந்துவிட்டது.

ரேஞ்சில் 'டிக்' என்று மட்டும் கேட்டால் இலக்கை நோக்கியபடியே 30 நொடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று மெலிந்து கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். காலி செய்து, கழற்றி, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா பார்த்தபின்தான் மேற்கொண்டு எதுவும்.

ரேஞ்சுலேர்ந்து நேரா ஓட்டலுக்குப் போய் சாப்பிடலாமா?

கையால் சாப்பிடும் நமக்கு இது முக்கியமான கேள்வி. தோட்டாவின் பிரைமரில் (ஊசி அடித்ததும் பற்றும் சிறு மூடியில்) பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அந்தத் தூள் விரல், முகம், சட்டையில் படியும். ரேஞ்சிலேயே குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். தவழும் குழந்தையை அதற்கு முன் தூக்காதீர்கள், அவர்களின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். காதுக்கும் பாதுகாப்பு தேவை. பிஸ்டல் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியிலும் நிரந்தரக் கேடு வரலாம். மூடிய அரங்கில் காதுக்குள் அடைப்பானும் மேலே மூடியும் சேர்த்தே போடுங்கள்.

பசங்க இருக்காங்க. பீரோ மேல உயரத்துல வெச்சா போதாதா?

போதாது. நாற்காலி போட்டு ஏறும் குழந்தைக்கு உயரம் ஒரு தடையே இல்லை. உங்கள் உடம்பில் இல்லாத நேரமெல்லாம் பிஸ்டல் பூட்டிய லாக்கரில் இருக்க வேண்டும். சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்ட, எண் அழுத்தித் திறக்கும் சிறு லாக்கர் நல்லது. கைரேகை மட்டும் நம்பும் மலிவான லாக்கர்கள் ஈரக் கைக்குத் திறக்காது. உபரிச் சாவியைச் சமையலறை டப்பாவில் வைத்தால் பூட்டாததற்குச் சமம். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில், கவனக்குறைவாக விட்டது குழந்தை கையில் சிக்கினாலே குற்றம். காரில் விட்டுச் செல்வதும் வேண்டாம், திருட்டுத் துப்பாக்கிகள் நிறையக் கிளம்புவது அங்கிருந்துதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாருக்காவது மன அழுத்தம் என்று தோன்றினால், அது நீங்களே ஆனாலும், அன்றே பிஸ்டலை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வையுங்கள். உங்கள் மாநிலச் சட்டப்படி, கடையிலோ நம்பிக்கையான உறவினரிடமோ ஒப்படைக்கலாம். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

நான் சிட்டிசன். அம்மா அப்பா பி2ல ஆறு மாசம் தங்கறாங்க. லாக்கர் நம்பர் அவங்களுக்குத் தெரிஞ்சா பரவாயில்லையா?

சொல்லாதீர்கள். முதல் கேள்வியில் பார்த்த தடை அவர்களுக்கும் உண்டு. கையில் எடுக்காவிட்டாலும், வேண்டும்போது எடுக்க முடிகிற நிலையையே 'வைத்திருத்தல்' என்று நீதிமன்றம் கருதக்கூடும். உங்கள் வீட்டில் பிஸ்டல் இருப்பதால் அவர்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள். எண்ணும் சாவியும் உங்களிடம் மட்டும் இருந்தால் சரி. 'ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கப்பா' என்பதும் வேண்டாம்.

பெர்மிட்டே தேவையில்லாத மாநிலத்துல எதுக்குக் காசு கட்டி பெர்மிட் எடுக்கணும்?

இரண்டு காரணம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, சும்மா கட்டிக்கொள்பவருக்கு இல்லை. ஊருக்குள் வண்டி ஓட்டினால் 1,000 அடியைத் தவிர்க்கவே முடியாது. அடுத்தது, டெக்சாஸ் உரிமத்தை 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்கின்றன.

உரிமம் இருந்தாலும் தபால் நிலையம், கூட்டாட்சி அலுவலகம், பள்ளிக் கட்டடம் இவற்றுக்குள் கூடாது. கோயில் வாசலில் தடைப் பலகை இருக்கிறதா பாருங்கள். போலீஸ் வண்டியை நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு இரு கையையும் ஸ்டீரிங் மேல் வைத்து, பிஸ்டல் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். தொட்டுக் காட்டாதீர்கள்.

டல்லாஸ்லேர்ந்து எடிசனுக்குக் கார்ல போறேன். எடுத்துட்டுப் போகலாமா?

இடுப்பில் கூடாது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா மூன்றும் வெளிமாநில உரிமத்தை ஏற்பதில்லை. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை ஏற்று 2022-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய புரூயென் தீர்ப்பும் இதை மாற்றிவிடவில்லை. மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தோட்டா நீக்கி, பிஸ்டலும் தோட்டாவும் கை எட்டாத டிக்கியில் பூட்டி இருக்க வேண்டும், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி செல்ல வேண்டும். எடிசன் உங்களுக்குச் சேரும் இடம் என்பதால் நியூ ஜெர்சி விதி முழுக்கப் பொருந்தும். 15 ரவுண்டு மேகசினே அங்கே சிக்கல். வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

ரேஞ்சுக்குத் தூக்கிட்டுப் போற பையிலேயே துணி வெச்சு சென்னைக்குப் போனா என்ன?

வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு ரவுண்டு தையல் ஓரத்தில் தங்கியிருந்தாலும் இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியும். பயணத்தை நிறுத்தி, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீசில் வழக்குப் பதிவார்கள். தெரியாமல் இருந்தது என்று நிரூபணமான வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்குள் வக்கீல், பாஸ்போர்ட், விடுமுறை என்று எல்லாம் சிக்கலாகிவிடும்.

9 மி.மீ. ரவுண்டு ஒன்று சுமார் 12 கிராம், தூக்கிப் பார்த்தால் தெரியாது. ரேஞ்சுக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் பையைக் கவிழ்த்து வெள்ளைத் துணிமேல் உதறுங்கள். அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள், எல்லா ஜிப் அறையின் மூலையிலும் விரல் விட்டுத் தடவுங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப் போன கோட்டின் பைகளையும் மறக்காதீர்கள்.